செல்லாயி அக்கா மேல் விழாத கொடி

நான் இப்போது படிப்பிக்கும் ஹட்டன் பள்ளியில் முதல் பாடம் முடிந்து வகுப்பிலிருந்து வெளியே வந்தபோது செல்லாயி அக்காவின் மகன் முருகேசு தொலைபேசியில் அழைத்தான். "டீச்சர், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." பிறகு குரலைத் தாழ்த்தி, "தலைவர் கொடியோட வந்திருக்காரு. கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றான்.

டிக்கோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செல்லாயி அக்காவோடு கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யார் இறந்தாலும் தொழிற்சங்கக் கொடி போர்த்தித்தான் தூக்குவார்கள். தேர்தல் நெருங்கினால் வேட்பாளரும் ஒலிபெருக்கியும் கூடவே வரும். "எம்மேல ஒரு கொடியும் விழக்கூடாது. வெள்ளத் துணி போதும்" என்பது அக்கா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த பேச்சு.

அவர் எப்போதும் அப்படி இருந்தவரல்ல. அதுவரை நாடற்றவராக இருந்து, பிரஜாவுரிமை கிடைத்து முதல் ஓட்டுப் போடப் போனபோது தீபாவளிச் சேலை உடுத்தி, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி தலைக்குக் குளித்துவிட்டுப் போனாராம். நான் தோட்டப் பள்ளிக்கு வந்த பிறகு, தொண்ணூறுகளில் ஒரு தேர்தலுக்கு முன்னால், லயத்து வாசலில் தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்கள் அவற்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். தேர்தல் முடிந்த வாரமே அதே லொறி வந்து குழாய்களை ஏற்றிக்கொண்டு போனது. எல்லாரும் கத்தினார்கள். அக்கா மட்டும் சிரித்தார். "பாவம், அந்தக் கொழாய் இன்னும் எத்தன தோட்டத்துல ஓட்டுக் கேக்கணுமோ!"

அதற்குப் பிறகு அவர் ஓட்டுப் போடவில்லை. தேர்தல் நாளில் லீக்ஸ் காய்கறிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். தோட்டத்துச் சங்கத் தலைவர் பெருமாள் ஒருமுறை வந்து, "நீங்க வரலேன்னா ஒங்க ஓட்ட வேற யாராச்சும் போட்டுருவாங்க அக்கா" என்று மிரட்டிப் பார்த்தார்.

"போடட்டும் தம்பி. ஒருத்தராச்சும் என்னைய நெனச்சாங்களே!"

நானும் விடாமல் வாதாடியிருக்கிறேன். நாம் ஒதுங்கினால் அவர்களுக்குத்தானே வசதி என்பேன். "கோவம் இருந்தா மாத்திப் போட்டிருப்பேன் டீச்சர். அலுத்துப் போச்சு" என்றார். அவர் செய்தது சரி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஹட்டனிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பெருமாள் கொடியை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். வேட்பாளர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். முருகேசுக்கு வீட்டுத் திட்டத்தில் புதிய வீடு கிடைப்பது பெருமாளின் கையில் இருந்தது. அவன் பணிந்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"என்ன முருகேசு, போத்திரலாமா?"

அவன் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாங்க தலைவரே. அம்மா வேணாம்னாங்க."

பெருமாள் கொடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "உசுரோட இருக்கறப்பவும் இந்த அக்கா எம்பேச்சக் கேட்டதில்ல" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தூக்குங்கப்பா, அவரு வர்றதுக்கு முந்தி" என்றார். முன்பக்கம் தோள் கொடுத்ததும் அவர்தான்.

வெள்ளைத் துணியோடு அக்கா மலையிறங்கிப் போனார். எனக்குத் துக்கத்தைவிட நிம்மதியே பெரிதாக இருந்தது. முருகேசுக்கு வீடு கிடைக்குமோ தெரியாது. ஆனால் வேண்டாம் என்பதைப் பகையில்லாமல் சொல்ல ஒரு குரல் உண்டு. அக்காவுடைய அந்தக் குரலை அன்று அவர் மகனிடம் கேட்டேன். அதை நானும் வைத்துக்கொள்கிறேன்.