முதுகுக்கு வெளிச்சம்

தேயிலைப் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கிழியாமல் உரித்தெடுத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவி, ஒரு பலகையில் பசை தடவி ஒட்டினால் அது சினிமா சாமான் ஆகிவிடும். வெயிலை அதில் வாங்கி, வேண்டிய இடத்தில் விழும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எடுத்த தமிழ்ப் படத்தில் எனக்கு அந்த வேலை. சினிமாவில் இருந்தவர் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், கதாநாயகியைப் பக்கத்தில் பார்த்தீர்களா என்றுதான் உடனே கேட்பார்கள். பார்த்தேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது கதாநாயகியின் முதுகை. அது அவருடைய முதுகே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீளும் என்பதால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். இப்போது அவசரம் ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

படத்துக்கு முதல் போட்டவர் சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்தவர். டைரக்டர் மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். கேமராக்காரர் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர், எங்கிருந்தோ ஒரு பழைய சினிமா கேமராவை வாங்கி வைத்திருந்தார். ஒரு லாரி, அதில் சாமான்கள், சாமான்களுக்கு மேல் நாங்கள். பேச்சையும் பாட்டையும் பிறகு சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் அப்போது சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் நான் மட்டும். அம்மாவும் அப்பாவும் ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டார்கள். பலகை எழுதுகிறவன் நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை, பேசினால் எழுத்து கோணிவிடும் என்று முதலாளி வேறு அதட்டுவார். நாலு பேரோடு லாரியில் உட்கார்ந்து போய்வரலாம் என்ற ஒரே ஆசையில்தான் நான் படத்தில் சேர்ந்தேன்.

கதாநாயகி மேடையில் ஆடிப் பாடிப் பெயர் வாங்கியவர். படத்தில் அவர் பால்மரம் வெட்டும் பெண், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். தோட்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தார். அதற்கு முந்தின வாரம் அதே பாதையில் காட்டுக்குள்ளிருந்து ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். அதை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டைரக்டர் ஒரு பகல் முழுக்கத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முகம் தெரிகிற காட்சிகளையெல்லாம் லோபாக்கில் ஒரு வீட்டுப் பின்கட்டில், வேலிக்காலில் ரப்பர் கிளைகளைக் கட்டிவைத்து எடுத்துவிடுவது. நடந்து போவது, வருவது, மரத்தடியில் குனிவது எல்லாம் தோட்டத்தில், அதே உயரமுள்ள வேறொரு பெண்ணைக் கதாநாயகியின் சேலையில் நிறுத்தி, பின்னாலிருந்து எடுப்பது. தோட்டத்து மேஸ்திரியான மண்டோர், காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது போலப் பெண்களை வரிசையாக நிறுத்தினார். டைரக்டர் ஏற இறங்கப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். தோட்டத்தில் எல்லாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

அக்காவுக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். யாரோடும் ஒட்டாத ஆள். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கே அவர் புதிசு. முன்பு லாபு பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டத்தில் இருந்தார். அது காட்டோரம் இருந்ததால் லயத்தைக் காலி செய்து, ஆட்களைப் பிரித்து, முள்கம்பி போட்ட தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை. கம்பி வாசலில் போலீஸ் சோதனைக்கு நிற்கும்போதும் மற்றப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இவர் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துப்போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நானும் லாரியில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அப்படித்தான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாளே தொல்லை ஆரம்பித்தது. காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மரவரிசைக்கு நடுவே மெல்ல நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி. டைரக்டர் அவருக்கு அன்னநடை சொல்லிக்கொடுத்தார். வாளி தூக்கியவள் எங்கே அன்னநடை நடப்பாள் என்று காவலுக்கு வந்த ஸ்பெஷல் போலீஸ்காரர்களே வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்கா சொன்னபடி நடந்தார். பாதி தூரம் போனதும் நின்று, திரும்பி, கேமராவை நேராகப் பார்த்தார். டைரக்டர் கத்தினார். மறுபடி எடுத்தோம், மறுபடியும் திரும்பினார். படச்சுருளோ கொஞ்சம்தான். திட்டினாலும் கெஞ்சினாலும் சரி என்று தலையாட்டுவார், நடந்தால் அதே இடத்தில் திரும்புவார். வேறு ஆளைப் பார்க்கலாம் என்று டைரக்டர் முடிவுக்கே வந்துவிட்டார். கேமராக்காரர்தான் மதியம்வரை பொறுக்கச் சொன்னார்.

மதியச் சோற்றுக்கு நாங்கள் எல்லாரும் கம்பிக்குள்ளேதான் வர வேண்டும். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு கவளம் சோறுகூட வெளியே விடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, கிழிந்த ஈயத்தாளுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் தூரத்தில் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“தம்பி, இந்தப் படம் இந்தியாவுக்குப் போவுமா?”

டைரக்டர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அதையே நானும் சொன்னேன். அங்கே ஆற்றோரம் இருக்கிற சின்ன ஊர்களிலும் ஓட்டுவார்களா என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். ஒரு காலையில் வேலைக் காட்டிலிருந்தே போலீஸ்காரர்கள் பிடித்துப் போனார்கள். பல மாதம் கழித்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார். சின்னப் பிள்ளையாக யாரோடோ கப்பலேறி வந்த மனிதர், ஆற்றோரம் ஓர் ஊர் என்பதற்கு மேல் தன் ஊரைப் பற்றிப் பேசியதில்லை. அக்கா இங்கேயே பிறந்தவர். கடுதாசி எழுதச் சொன்னால் எந்த ஊருக்கு எழுதுவது என்று கிராணி கேட்கிறார். வீட்டுக்காரர் எழுதியிருந்தாலும் இடித்துப் போட்ட பழைய லயத்துக்குத்தான் எழுதியிருப்பார்.

“என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாப் போதும் தம்பி. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சிக்குவாரு. படக்காரங்களக் கேட்டா எடத்தச் சொல்லுவாங்க இல்ல?”

நான் இதைக் கேமராக்காரரிடம் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு முகம் எப்படிக் காட்டுவது என்று மட்டும் முணுமுணுத்தார். சாயங்காலக் காட்சிக்கு முன்னால் நம்பர் பலகையை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். ஒவ்வொரு துண்டுப் படத்துக்கும் முன்னால் அதன் நம்பரை எழுதிய பலகையை ஒருவர் கேமரா முன் பிடிப்பார். பிறகு எதை எதோடு ஒட்டுவது என்று தெரிந்துகொள்ள அது. மற்ற நாட்களில் நான்தான் பிடிப்பேன்.

“தாயி, இதக் கழுத்துக்குக் கீழ பிடிச்சிக்கிட்டு நேரா பாத்து நில்லு. மூஞ்சி நல்லா விழும். அப்புறம் நடக்கறப்ப திரும்பக் கூடாது.”

அக்கா முகத்தைத் துடைத்து, தலையை ஒதுக்கி, பொட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கேமராக்காரர் தேவைக்கு மேலேயே சுருளை ஓடவிட்டார். நான் என் ஈயத்தாள் தகட்டை அக்கா முகத்துக்கு நேரே பிடித்தேன். சிரிக்கவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு பலகையைக் கொடுத்துவிட்டு நடந்தார். திரும்பவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் அப்படித்தான் நடந்தது. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம், தான் திட்டியதில் திருந்திவிட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

நம்பர் பலகை வருகிற இடத்தை ஒட்டும்போது வெட்டிப் போட்டுவிடுவார்கள். எந்தப் படத்திலும் அது இருக்காது. சினிமா வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு இது உறைத்தது இரண்டு நாள் கழித்து, திரும்பிப் போகும் லாரியில். கேமராக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், தெரியும் என்றார். அவள் திரும்பாமல் நடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சுருளெல்லாம் அவர் அலைந்து திரிந்து வாங்கியது, அதை வீணாக்க அவருக்கு மனசில்லை.  ஆனால் அக்கா தினமும் தலையைச் சீவி, பூவைத்து, அந்தப் பலகைக்காகவே தயாராகி வந்து நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஏமாற்றுகிறோம் என்றுகூடத் தெரியாமல் ஏமாற்றுவது வேறு, தெரிந்துகொண்டு தகடு பிடிப்பது வேறு.

கடைசி நாள் காலை, வாசலில் சோதனைக்கு நின்றபோது அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சொல்லிவிட்டேன்.

“அக்கா, நம்பர் பலகை பிடிக்கிற எடத்த வெட்டி எறிஞ்சிருவாங்க. படத்துல வராது.”

அவருக்குப் புரிய சற்று நேரமானது. அப்படியானால் என்னதான் வரும் என்று கேட்டார். நீங்கள் நடந்து போவது மட்டும்தான் என்றேன். முதுகு மட்டும் என்றார். ஆமாம் என்றேன். அதற்குள் வாசலில் அவர் முறை வந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு முன்னால் போய்விட்டார்.

படத்தின் கடைசிக் காட்சி அன்று. காதலன் கைவிட்ட பெண் தனியாக மரங்களுக்குள் நடந்து மறைய வேண்டும். சுருள் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அக்கா நம்பர் பலகையை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார், நானே பிடித்தேன். பிறகு தகட்டைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு ஓடினேன். இன்று நிச்சயம் திரும்பிப் பார்த்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கெடுக்கட்டும் என்றும் ஒரு பக்கம் மனசு சொன்னது.

அவர் திரும்பவில்லை. ஆனால் அன்னநடையும் நடக்கவில்லை. நாலு அடி வைத்ததும் அதை விட்டுவிட்டார். சேலைத் தலைப்பை இடது கையால் இழுத்து இடுப்பில் சொருகினார். நிற்காமலே கம்பை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார், வாளி இரண்டும் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, குதிகால் தரையில் பாவாமல், நடையும் ஓட்டமுமாகப் போனார். வெயில் ஏறுவதற்குள் தன் பங்கு மரங்களின் நிரையை முடிக்க வேண்டிய பால்வெட்டுக்காரியின் நடை அது. டைரக்டர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. நிறுத்தினால் வேறு சுருள் இல்லை. கேமராக்காரர் கையை எடுக்கவேயில்லை. மரங்கள் மறைக்கும்வரை அந்த முதுகின் மேல் என்னால் முடிந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து சேலையைக் கொடுக்கும்போது அவராகவே சொன்னார்.

“என் நெரைக்குப் பக்கத்து நெரைதான் அவருக்கு. காலையில ஒத்தையடிப் பாதையில எனக்குப் பின்னாலதான் வருவாரு. கல்யாணத்துக்கு முந்தியும் அப்படித்தான். அந்த இருட்டுலயே நான்தான்னு கண்டுக்குவாரு.”

படம் ஒருவழியாக முடிந்தது. ஒரே ஒரு காப்பி போட்டார்கள். சிரம்பானில் சில நாள் ஓடியது. பிறகு தோட்டங்களுக்கு லாரியில் எடுத்துப் போய்த் திரை கட்டிக் காட்டினோம். டைரக்டர் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டார், துணிக்கடைக்காரர் சினிமாப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனார். லிங்கித் தோட்டத்துக்கு நானும் படம் ஓட்டுகிறவரும் மட்டும் போனோம். பெரட்டுக் களத்தில், கம்பிக்குள்ளே, இருட்டத் தொடங்கியதும் ஆரம்பித்தோம். லோபாக்கில் வேலிக்காலில் கட்டிய ரப்பர் கிளை வாடித் தொங்குவதைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பால்மரம் வெட்டத் தெரியாத கதாநாயகியைப் பார்த்து அதைவிடச் சிரித்தார்கள். அக்கா முன்னால் போய் உட்காரவில்லை. எங்கள் மெஷின் பக்கத்தில், என்னை ஒட்டி நின்றுகொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. கம்பு தோள் மாறியதும் முன்வரிசைப் பெண்களில் ஒருத்தி, இது நம்ம அக்கா என்றாள். உடனே களம் முழுக்க அதே பேச்சு. பேசியே பழகாத அந்தப் பெண்ணின் நடை அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், இந்தியாவுக்கு எப்போது போகும் என்று. ஒரே காப்பிதான், இதற்கு மேல் எங்கும் போகாது என்று சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். திரையில் அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போய் மரங்களுக்குள் மறைந்தது. வெள்ளைத் துணி மட்டும் மிஞ்சியது.

“இத்தன வருசமா அவரு பின்னால வந்து பாத்தது இதத்தானா தம்பி? இன்னிக்கித்தான் நானே பாக்கறேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நல்லாத்தான் நடக்கறேன், இல்ல?” என்று கேட்டார்.

ஆமாம் அக்கா என்றேன். 

அவசரகாலம் முடிந்து நான் அங்கே போனபோது அவர் இல்லை. வேறு தோட்டத்துக்கு மாறிப் போனதாக ஒருவர் சொன்னார், இல்லை இந்தியாவுக்கே போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். படச்சுருள் துணிக்கடைக் கிடங்கில் கிடந்து ஒன்றோடொன்று ஒட்டி, துர்நாற்றம் எடுத்து, குப்பைக்குப் போனது. அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்து இப்போது எண்ணெய்ச் செம்பனை. நான் திரும்பவும் பெயர்ப்பலகை எழுதவே போய்விட்டேன், கை நடுங்கும்வரை எழுதினேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போதும் லோபாக்கில்தான் இருக்கிறேன். காலையில் பசாருக்கு நடந்து போகும்போது சில நாள் ஒரு நினைப்பு வரும், பின்னாலிருந்து பார்த்தால் என் நடை எப்படி இருக்கும் என்று. எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வதற்கும் யாருமில்லை.