ரோமாபுரியிலிருந்து வந்த அன்ரி

சூடேறிய டிவிடி பிளேயருக்கென்று ஒரு மணம் உண்டு. தூசி கருகுகிற, பிளாஸ்டிக் இளகுகிற மணம். பத்து வயதில், அகதியாய் வந்த நாட்டில் கிரான்பர்ன் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த சின்ன யூனிட்டுக்குள், பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைப் பூட்டிக்கொண்டதும் எனக்குத் துணையிருந்தது அந்த மணம்தான். அப்பா மத்தியானமே கோழித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடுவார். "ஆர் தட்டினாலும் திறக்கப்படாது" என்று ஒவ்வொரு காலையும் சொல்லுவார். உண்மையில் யாரும் தட்டியதேயில்லை.

நூலகத்தில் கழித்துப் போட்ட பெட்டியொன்றிலிருந்து அப்பா எனக்கு ஒரு பழைய ரோமாபுரிப் படம் எடுத்து வந்தார். அட்டையில் நாலு குதிரை பூட்டிய தேர். ஆசையோடு திறந்தால், என்ன கோதாரி, படம் இருக்கவேண்டிய தட்டைக் காணவில்லை. அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் இரண்டாவது தட்டு மட்டும் கிடந்தது. ஆகவே அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கதாநாயகன் வென்றானா, செத்தானா, தெரியாது. ஆனால் அவனுடைய தேர்ச் சில்லு கழன்றோடியதும், சக்கரவர்த்தி வேஷக்காரர் தலையில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு பாண் தின்றதும், பென்னாம்பெரிய பளிங்குத் தூணை இரண்டு தச்சர்கள் சிரித்துக் கதைத்தபடி தோளில் தூக்கிப் போனதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இங்கிலிஷ் சரியாக விளங்காத காலம். பார்த்துப் பார்த்தே விளங்கிக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, விளையாட்டரங்கில் சனத்தை நிரப்பிய பகுதி. அவ்வளவு பேருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? முன்வரிசைகளில் உண்மையான ஆட்கள். பின்னால் வைக்கோல் அடைத்த பொம்மைகளுக்கு அங்கி போர்த்தி இருத்தியிருந்தார்கள். உடுப்புகளுக்குப் பொறுப்பான ஒரு மனுசி, வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, "கமெராவுக்குத் தோளைக் காட்டினால் போதும், முகத்தை அது தானே போட்டுக்கொள்ளும்" என்ற மாதிரி ஏதோ சொல்லுவார். அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன்.

அம்மா வவுனியாவில் இருந்தார். அம்மப்பா படுக்கையில் கிடந்ததால் அம்மா அங்கேயே நின்றுவிட, அப்பாவும் நானும் படகேறிக் கடலால் வந்தோம். தற்காலிக விசாக்காரர் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்பதெல்லாம் வந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளை தனியே இருக்கிறாள் என்று தெரிந்தால் அம்மா சாப்பிடமாட்டார், படுக்கமாட்டார். அதனால் அப்பா ஒரு பொய் சொன்னார்: பக்கத்து வீட்டுக் கமலா அன்ரி பின்னேரத்தில் வந்து என்னோடு இருக்கிறா என்று. "அம்மாவுக்கு நித்திரை வரவேணும், பிள்ளை. நீயும் அப்பிடியே சொல்லு" என்றார். சொன்னேன். ஆனால் என் அம்மா லேசுப்பட்ட ஆளில்லை. கணினியில் முகம் பார்த்துக் கதைக்கத் தொடங்கிய முதல் கிழமையே, "எங்க அந்த அன்ரி? ஒருக்காக் காட்டு பாப்பம்" என்று பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம், குசினி வாசலுக்கு நேரே ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு, அப்பாவின் குளிர்ச் சட்டைக்குள் இரண்டு தலையணையை அடைத்து இருத்தி, கறுப்புக் கம்பளித் தொப்பியைக் கொண்டையாகச் சுருட்டி மேலே குத்திவிட்டேன். முதுகு மட்டும்தான் தெரியும். வவுனியாவில் நெட் இழுத்திழுத்து வந்ததும் வசதியாய்ப் போயிற்று.

"அங்க இருந்து மரக்கறி வெட்டுறா அம்மா. காது கொஞ்சம் மந்தம்."

அம்மா உடனே குரலை உயர்த்திவிட்டார். "அக்கா! உங்களை நம்பித்தான் என்ர பிள்ளை அங்க இருக்கு. உங்கட பேரிலயும் அருச்சனை செய்யப்போறன். நட்சத்திரம் என்ன?"

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நட்சத்திரம், என்னுடையது. "அனுஷமாம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "உன்ர நட்சத்திரமே! அதுதான் அவவுக்கு உன்னில அவ்வளவு வாரப்பாடு." அதன் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கமலா, அனுஷம் என்று ஐயரிடம் சொல்லி அருச்சனை செய்தார், பாவம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கணினியை மூடிய பிறகும் நான் அன்ரியைக் கழற்றுவதில்லை. அப்பா வரும்வரை அவ இருப்பா. கணக்குப் பாடம் செய்யும்போது விடையை அவவுக்குச் சொல்லுவேன். நான் நெட்டையாக வளர்ந்து, இனிக் காவல் தேவையில்லை என்றானபோது, மகன் அவவை நார்த்மீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாக அப்பா சொல்லி முடித்தார். அம்மா ஒரு கிழமை கவலைப்பட்டார். நானும்தான் கவலைப்பட்டேன்.

இப்போது அந்த யூனிட்டை இடித்து இரண்டு மாடி வீடு கட்டிவிட்டார்கள். நூலகத்தில் டிவிடித் தட்டுகள் இருந்த இடத்தில் யாரோ கணினியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மப்பாவும் போய்விட்டார். அப்பாவுக்கு நிரந்தர விசா கிடைத்து, கடதாசி வேலைகள் ஒருவழியாக முடிந்து, போன மாதம் அம்மா ரோவிலில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் சூட்கேசைத் திறந்து, பச்சைக் கரை போட்ட ஒரு சீலையை மேசையில் வைத்தார்.

"கமலா அக்காவுக்கு. நார்த்மீட் எவ்வளவு தூரம்? நேர போய்க் கும்பிட்டிட்டு வரவேணும்."

அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன் இதற்கும் வாய் திறக்கமாட்டார் என்று தெரியும். நானே சொன்னேன். படத்தை, தலையணைகளை, தொப்பியை, எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் சிரித்தும் காட்டினேன், அம்மாவும் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. ஏமாற்றிவிட்டீர்களே என்று ஏசவும் இல்லை. சீலையில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"அப்ப நீ தனியவோ இருந்தனீ?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதை என்னிடம் கேட்டதில்லை.

"ஓம் அம்மா" என்றேன்.