பாதி வாடகைக்கு ஓர் அறை

யுத்தகாலத்தில், கடல்பக்கமிருந்து குண்டு விழும் என்று பயந்து பட்டணத்துச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு பூந்தமல்லியில் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் எதிர்த்திசையில் பஸ் ஏறினோம். கரையான்சாவடியில் ஏறிய ஒருவர் எங்கள் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஊரே உசுரக் கையில புடிச்சிகினு வெளிய ஓடியாருது. நீ இன்னா நைனா உள்ள போறே?" என்றார்.

காரணம் இருந்தது. என் மனைவிக்கு இரண்டு கண்களிலும் புரை. வலது கண்ணின் புரையை முதலில் அறுத்து எடுப்பதாகச் சொல்லி டாக்டர் மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தார். அந்த வாரக் கடைசியில் அவரும் ஊரைவிட்டுப் போவதாக இருந்தார். நாளை தவறினால் பிறகு எப்போது என்று அவருக்கே தெரியாது. அவளோ ஒரு மாதமாகவே, கத்தி என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

டாக்டர் வீட்டுத் தெருமுனையில் இருந்த ஓட்டலில் அறை எடுத்தேன். புதுக் கட்டடம். ஆளுயரக் கண்ணாடி, ஸ்பிரிங் கட்டில், மின்விசிறி, பூப்போட்ட பீங்கான் தொட்டி. பாதி வாடகை என்றார் மானேஜர். சனங்கள் ஓடிவிட்டதால் என்று காரணமும் சொன்னார். அந்த வாடகைக்குப் பூந்தமல்லியில் மாட்டுக்கொட்டகையைக்கூட விட மாட்டார்கள். அவர் சொன்ன காரணம் சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். தலையணைகளை அமுக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வேறு கதவு ஏதும் இருக்கிறதா என்று விரலால் தட்டினேன். "இன்னாங்க தேடுறீங்க?" என்றாள் அவள். "ஒன்றுமில்லை" என்றேன்.

சாயங்காலம் அறை மங்கியது. கதவோரம் மரவட்டத்தில் ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் என்றாலும், பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும் என்பது எனக்குத் தெரியும். அமுக்கினேன். எரியவில்லை. ஆனால் சற்றைக்கெல்லாம் ஓட்டல் ஆள் வாசலில் நின்றான்.

"இன்னா சார் வோணும்?"

"ஒன்றும் வேண்டாம்."

அவன் போனதும் மறுபடி அமுக்கினேன். விளக்கு வரவில்லை, அவன் வந்தான். மூன்றாம் முறையும் அப்படியே. இந்தத் தடவை மூச்சிரைக்க, என் தோளுக்கு மேலாக அறைக்குள் ஒரு பார்வை பார்த்தான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாவித் துவாரம் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் எழுந்து நடமாடினால் உடனே வந்துவிடுகிறான். துவாரத்தில் கைக்குட்டையைத் திணித்தேன். டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.

"இந்த இடம் சரியில்லை. அந்த ஆள் வேவு பார்க்கிறான். கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம்" என்றேன்.

அது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. உடனே எழுந்து, தடவித் தடவிப் புடவைகளை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள். அரைப் பார்வையோடு அவள் அத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு டாக்டர் ஊரைவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது. இப்போது பஸ் ஏறினால் அந்தக் கண்ணுக்கு இனி வைத்தியம் இல்லை.

"வேறு ஓட்டல் பார்க்கலாமே" என்று இழுத்தேன்.

"ஊட்டுக்குன்னுதானே சொன்னீங்க?" என்றாள், முடிச்சை இறுக்கிக்கொண்டே.

என்ன செய்வதென்று தெரியாமல், விளக்காவது எரியட்டும் என்று குமிழைப் பிடித்துத் தொடர்ந்து அமுக்கினேன். படியில் தடதடவென்று காலடிச் சத்தம். கதவு இடிபட்டது. பெட்டியைச் சற்று நகர்த்தினேன். அந்த இடுக்கில் வியர்த்த முகம் ஒன்று தெரிந்தது.

"சாமி, உனுக்குப் புண்ணியமாப் போவும். ஒண்ணு இன்னா வோணும்னு சொல்லு, இல்லாங்காட்டி அந்த பெல்லுல கைய வைக்காதே. மாடி ஏறி எறங்கி முட்டி கழண்டு போச்சி!"

"பெல்லா?"

"பின்ன? லைட்டு சுச்சி அதோ, கட்டிலாண்ட கீது."

கட்டிலருகே போய் அதைத் தட்டினேன்; விளக்கு எரிந்தது. பிறகு பின்னால் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று திரும்பினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஏங்க, அந்தாளு வேவு பாக்குறான்னுதானே பொட்டிய வெச்சி அடைச்சீங்க? கூப்டதே நீங்கதானா!"

"வேவா? நானா?" என்றான் அவன். "நல்லா கீதே கதை!"

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஒரு மாதத்தில் அன்றுதான் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே யாரு இந்நேரத்துல பஸ்ஸுக்கு ஓடுறது" என்றாள். நான் கட்டிலில் விரிப்பை உதறிப் போட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் அவளை மேசையில் படுக்கச் சொன்னார். அவள் ஒரு கணம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் படுத்தாள். படுத்தபடியே டாக்டரிடம், "இவர வெளிய உக்காரச் சொல்லுங்க சாமி. இங்க இருந்தா உங்களையும் சந்தேகப்படுவாரு" என்றாள்.

டாக்டர் சிரித்தார். நான் வெளியே போனேன். கதவு சாத்துவதற்குள், அவர் கை கழுவுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். கழுவினார்.