குடை பிடித்த கம்பு

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மலாக்கா பட்டணத்துப் பசாரில், கார் நிறுத்தும் இடத்தின் மூலையில், மடக்கிய குடையை நெஞ்சோடு சேர்த்து நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் அசையாமல் நின்றதை யாராவது பார்த்தீர்களா?

பார்த்திருந்தால்… அது நான்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்கான அறிகுறியே இல்லை. மீன் பையோடு வந்த பக்கத்து வீட்டு அந்தோணி என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

“என்னாண்ணே, யாருக்குக் காத்துகிட்டு நிக்கிறீங்க?”

“யாருக்கும் இல்லலா. நான் இப்ப கம்பு. பேச்சுக் குடுக்காதப்பா.”

காருக்குள்ளிருந்து என் மனைவி கமலா கத்தினாள். “கம்பு ஆடுதுங்க! நேரா நில்லுங்க!”

அந்தோணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் வந்தது… அடக்கிக்கொண்டேன். கம்பு சிரிக்குமா?

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

கமலா எங்கள் ஊரான ரெம்பியாவிலிருந்து பட்டணத்துப் பக்கம் இருக்கும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு ஒன்பது வருடமாக வேலைக்குப் போகிறாள். ஃபேக்டரி பஸ் எங்கள் முச்சந்தியில் ஏற்றும், அங்கேயே இறக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு மேலதிகாரி கூப்பிட்டு, சூப்பர்வைசர் வேலை தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. சூப்பர்வைசர் மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்து மெஷின்களைப் பார்த்து வைக்க வேண்டும். பஸ் அவ்வளவு சீக்கிரம் வராது. சொந்தமாக வந்து சேர வழி இருக்கிறதா? இரண்டு மாதம் தவணை. முடியாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

“கார் ஓட்டிக்கிட்டு வந்துருவேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதுவரை அவள் எங்கள் காரின் ஸ்டீரிங்கைத் தொட்டது, ஈரத்துணியால் துடைக்கும்போது மட்டும்தான்!

டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தாள். எழுத்துச் சோதனையில் முதல் தடவையே பாஸ். ஓட்டிப் பழக வேண்டிய நேரத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

“சிக்குகிட்ட போயி என்னா படிக்கப் போற? பதினாறு வருஷமா ஓட்டுறேன். நானே சொல்லித் தாரேன்லா.”

சிக்கு என்றால் எங்கள் பக்கத்தில் வாத்தியார். டிரைவிங் சொல்லிக் கொடுப்பவரும் சிக்குதான். அவருடைய வகுப்புகளில் பாதியைத் தள்ளிப்போட வைத்து, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் நானே பாடம் நடத்தினேன். கமலா கெட்டிக்காரி. மூன்றே வாரத்தில் என்னைப் போலவே ஓட்டினாள்.

அதுதான் வினை.

சோதனை நாளன்று அவள் ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் ஸ்டீரிங்கைத் திருப்பியிருக்கிறாள். நிற்கச் சொல்லும் பலகையின் முன்னால் நிற்காமல், மெதுவாக்கி, கழுத்தை எட்டிப் பார்த்து, “போ போ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்தில் இருந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “சியாப்பா அஜார்?” யார் சொல்லிக் கொடுத்தது?

“என் வீட்டுக்காரர்” என்றிருக்கிறாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டாராம்.

அன்று வீட்டில் கமலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பயிற்றங்காயை நறுக்கிக்கொண்டே, “இன்னும் ஒரு டெஸ்ட்டுக்குத்தாங்க நேரம் இருக்கு. ஒம்பது வருஷம் நின்னுகிட்டே வேல பாத்துட்டேன்” என்றாள். என் வாய்க்கொழுப்பால் அவளுக்குக் கிடைக்க வேண்டியது கைநழுவப் பார்க்கிறதே!

மறுநாளே டிரைவிங் ஸ்கூல் சிக்கு குணாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“அண்ணே, நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன். நான்தான் ஆபீசர்னு வச்சுக்குங்க.”

பதினாறு வருட அனுபவம் சும்மா இருக்குமா? ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.

“ஃபெயில்” என்றார் சிக்கு.

“இன்னும் நகரவே இல்லையே!”

“காரச் சுத்திப் பாக்கல, கண்ணாடியப் பாக்கல, பெல்ட் போடல. சரி பரவால்ல, ஓட்டுங்க.”

மேட்டில் ஏறி மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். கார் பின்னால் போனது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினேன், கார் செத்தது. அடுத்து, கம்புகளுக்கு நடுவே பின்னால் போய் நிறுத்த வேண்டும். இரண்டு கம்பு சாய்ந்தது. மூன்றாவதை நான் பார்க்கவே இல்லை. சத்தம்தான் கேட்டது.

இறங்கும்போது சிக்கு என் தோளைத் தட்டினார். “அண்ணே, வீட்டுக்கு அக்கா ஓட்டட்டும். நீங்க பக்கத்துல குந்துங்க, எனக்கு மனசு நிம்மதியா இருக்கும்.”

வாசகர்களே, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். நாளைக்கே நம் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து மறுபடி டெஸ்ட் எழுது, மேடு ஏறு, கம்புக்குள் நுழை என்றால்… எத்தனை பேர் தேறுவோம்? மறுநாள் காலை ரோட்டில் கார் இருக்குமா? பஸ்ஸில்தான் இடம் இருக்குமா? லைசன்ஸ் வாங்கிய அன்றைக்குத்தான் நாம் எல்லோருமே நல்ல டிரைவர்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் ஒன்றொன்றாக மறந்துவிட்டு, அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

என் பாடத்தையெல்லாம் மறக்க வைக்கவே சிக்குவுக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்புறம் தன் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். பின்பக்கக் கண்ணாடியின் மூலையில் இரண்டாவது கம்பு தெரிந்தால் ஸ்டீரிங்கை ரெண்டு சுத்து ஒடி. தோளுக்கு நேராக வந்தால் ஒரு சுத்து திருப்பு. நிறுத்து. கமலா சோறு கிண்டும்போதும், “கம்பு தெரியுது, ரெண்டு சுத்து” என்று முணுமுணுத்தாள்.

இரண்டாம் தடவை பாஸ்! வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நானும்தான். மறைப்பானேன்?

அடுத்த சனிக்கிழமை, ஃபேக்டரிக்குப் போவதற்கு ஒத்திகையாகப் பசாருக்குக் காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டில் ஒரு குறையும் இல்லை. கோட்டுக்குள் நிறுத்தும் நேரம் வந்தபோது பிரேக்கை மிதித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்னங்க… கம்பு எங்க?”

அடடா! ஊர் முழுக்க நான் நிறுத்துவேன், கம்புக்குள் நிறுத்தத் தெரியாது. அவள் கம்புக்குள் நிறுத்துவாள், ஊரில் நிறுத்தத் தெரியாது. எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒரு முழு டிரைவர் தேறும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் பின் சீட்டிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தோணி பார்த்தது அதைத்தான். நான்கு தடவை முயன்று, ஐந்தாவதில் கச்சிதமாக நிறுத்தினாள். கம்புக்கும் காயமில்லை.

திங்கட்கிழமை முதல் நாள். இருட்டு விலகும் நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். “நான் வரவா?” என்றேன். “வேணாங்க, நான் போயிருவேன்” என்றாள். கார் முச்சந்தியில் திரும்பி மறைந்ததும் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். வழியில் எத்தனை லாரி! எல்லாவற்றையும் ஓட்டுவது என்னைப் போல ஆட்கள்தானே?

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோப்பி ஆறிப்போனது. ஒருவழியாக மணி அடித்தது.

“வந்து சேந்துட்டேங்க.”

எனக்கு உயிர் வந்தது. “பார்க்கிங்?”

“மொத ஆளே நான்தாங்க. ஒரு கார் கூட இல்ல, எல்லா எடமும் காலி. எத வச்சு ஒடிக்கிறதுன்னே தெரியல. மூணு ரவுண்டு சுத்திட்டு அப்படியே நிறுத்திட்டேன்.”

“அப்படியேன்னா?”

“மூணு கார் நிக்கிற எடத்துல நம்ம கார் குறுக்கால நிக்குது. செக்யூரிட்டி பாக்சிக், அந்த மலாய்ப் பெரியவரு, வந்து பாத்தாரு.”

“அய்யோ, என்னா சொன்னாரு?”

“‘செலாமாட் பாகி, புவான் சூப்பர்வைசர்’னு, பெரிய மேடத்துக்குச் சொல்ற மாதிரி காலை வணக்கம் சொல்லி, சல்யூட் அடிச்சிட்டுப் போயிட்டாரு.”

சொல்லும்போதே அவள் சிரித்த சிரிப்பு… ஒன்பது வருடத்தில் ஃபேக்டரியிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பப் பழைய சைக்கிளை வெளியே தள்ளினேன். நல்லவேளை… சைக்கிளுக்கு இன்னும் யாரும் டெஸ்ட் வைக்கவில்லை!