நங்கூரம் போடாத படகு

ஏதென்ஸ் நகரத்துக் கிணறுவெட்டி தெலேசோன் யாரையும் கொல்ல நினைத்தவனில்லை. மேலே நின்று கல்கூடையை இழுக்கும்போது கயிறு அறுந்தது. கீழே நின்ற கூட்டாளி அரிஸ்தோன் செத்துப்போனான். அவ்வளவுதான் நடந்தது.

அப்போதுதான் சட்டத்தை மரப்பலகையில் எழுதி ஊர் நடுவே நிறுத்தியிருந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள் இனி வாய்க்கு வந்தபடி தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஊரே கூத்தாடியது, தெலேசோனும்தான் ஆடினான். கைதவறிக் கொன்றவன் நாட்டை விட்டுப் போக வேண்டும், செத்தவனின் அப்பாவும் அண்ணன் தம்பிகளும் மன்னித்தால் திரும்பலாம் என்று பலகை சொன்னது. ஒருவன் மறுத்தாலும் மன்னிப்பில்லை. அப்பா மன்னித்தார். அண்ணன் மன்னித்தான். தம்பி தீமோன் மட்டும் முடியாது என்றான்.

தெலேசோன் ஈஜினா தீவுக்குப் போய் மீன்பிடிக் கூலியானான். வயிற்றுப்பிள்ளைக்காரியான மனைவி மிர்ரினேயை அவளுடைய அப்பா கடல் தாண்ட விடவில்லை.

சில வருஷம் கழித்து அந்தத் தீவில் ஓர் ஏதென்ஸ்காரன் கத்திக்குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தான். தெலேசோன்தான் குத்தினான் என்று தீமோன் வழக்குப் போட்டான். வழக்குக்கு வந்தே ஆக வேண்டும், ஆனால் நாட்டை விட்டுப் போனவன் ஏதென்ஸ் மண்ணை மிதிக்கக் கூடாது. நீதிபதிகள் கரையில் உட்கார, குற்றம் சாட்டப்பட்டவன் படகில் நின்று பேச வேண்டுமாம். இப்படியொரு யோசனை யார் மண்டையில் உதித்ததோ!

வழக்கு நாளன்று, தீவில் தெலேசோனுக்குக் கூலி கொடுக்கும் படகுக்காரன் கோனோன் துடுப்பை விடாமல் போட்டுக்கொண்டிருந்தான்.

"நங்கூரம் போட்டா அதுவும் உங்க மண்ணைத் தொட்ட மாதிரியாம்யா! என் தோள்பட்டை கழண்டு போச்சு. சீக்கிரம் பேசித் தொலை."

கரையில் மிர்ரினே நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. தன் மகளைத் தெலேசோன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"நான் குத்தல சாமி!" என்று கத்தினான். காற்றில் பாதி போய்விட்டது. "சத்தமா!" என்றார் நீதிபதி.

கோனோனுக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்குப் பூரா இவன் எங்கூடக் கடல்ல இருந்தான்யா! என் வலையைக் கிழிச்சதுக்குத்தான் இவனைத் தண்டிக்கணும்!"

கரையில் சிரிப்பு எழுந்தது. தெலேசோனுக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றவாளி என்றால் கரைக்கு இழுத்துப்போய்க் கொல்வார்கள். நிரபராதி என்றால் தீவுக்கே திரும்ப வேண்டும், பழைய சாவுக்காக. 'நான்தான் குத்தினேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மண்ணை மிதித்துவிடலாம். மகளைத் தொட்டும் பார்க்கலாம். வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் அவள் கண்ணெதிரிலேயா சாவது? மூடிக்கொண்டான்.

"குற்றமில்லை" என்றார்கள் நீதிபதிகள்.

"தீமோன்!" தெலேசோன் படகு விளிம்புக்கு வந்து கத்தினான். "இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுடா. உன் அண்ணனை நான் வேணும்னேவா கொன்னேன்?"

தீமோன் தண்ணீர் ஓரம்வரை வந்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "குத்தமில்லைன்னுட்டாங்கல்ல? இன்னும் என்ன வேணும் உனக்கு? எனக்கு அண்ணன் திரும்பி வரல. நீயும் வராதே."

கோனோன் படகைத் திருப்பினான். மகளின் குரல் தண்ணீர்மேல் தெளிவாகவே கேட்டது.

"அம்மா, அப்பாவை விட்டுட்டாங்களா?"

"ஆமாண்டி," என்றாள் மிர்ரினே. "விட்டுட்டாங்க."