டைல்ஸ் இடுக்குக்கு எந்தக் கலவை

ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பின் நகரத்துப் பக்கம் அம்மா பெயரில் வாங்கிய வீட்டில், சமையலறைக்கு டைல்ஸ் போட்டோம். டைல்ஸைப் பதித்தவர் போர்டிக்சன் ஊர்க்காரர். தேவாலயத்துக்குப் போவதால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனாலேயே ஆரம்பத்திலிருந்து அவரை நான் நம்பவில்லை.

டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரௌட்டில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, தண்ணீர் விட்டுக் குழைக்கும் சிமெண்ட் வகை. மற்றது எபோக்சி, இரண்டு டப்பா பசையைக் கலந்து பூச வேண்டும், விலையும் கூட.

"குசினிக்கு எபோக்சிதாம்மா நல்லது," என்றார்.

கடைக்காரனிடம் கமிஷன் வாங்குகிறார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் டிப்ளோமா முடித்தவள் நான். சிமெண்ட் பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுவதும் படித்து, தரைக்கு இதுவே போதும் என்று எழுதியிருந்ததை அவரிடம் காட்டினேன்.

"சரிலா, படிச்ச புள்ள சொல்றீங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றே மாதத்தில் இடுக்குகள் பொடிந்தன. விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. தண்ணீரை அதிகம் ஊற்றிக் குழைத்திருக்கிறார், அல்லது பழைய பாக்கெட்டைக் கலந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதை மனதோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை தன் குளியலறை வேலையை அவருக்குக் கொடுக்க இருந்தார். "அந்தாளு ஏமாத்திட்டாரு அத்தை," என்று சொல்லி அதை நிறுத்தினேன்.

அவரைக் கூப்பிட்டபோது மறுக்காமல் வந்தார். குந்தி உட்கார்ந்து ஒரு காசால் இடுக்கைச் சுரண்டினார். பிறகு குளிர்பெட்டியை நகர்த்தச் சொன்னார். அதன் அடியில் இருந்த கிரௌட் கல் மாதிரி இருந்தது.

"ஒரே வாளியில குழைச்சதுதாம்மா. இங்க மட்டும் எப்படிக் கெட்டியா இருக்கு? கழுவுற எடம்தான் போயிருக்கு. எதை ஊத்திக் கழுவுறீங்க?"

"சவர்க்காரத் தண்ணிதான்," என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அவர் போன பிறகும் எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். குளிர்பெட்டிக்கு அடியில் மட்டும் நல்ல சரக்கைப் பூசியிருக்கலாம் அல்லவா? ஆனால் மறுநாள் காலை சமையலறையிலிருந்து மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட்.

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு, அதைத் தண்ணீரில் கலந்து விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னும் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர். ஆசிட்டை அங்கிருந்து ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தார்.

"ஏம்மா அவருகிட்டச் சொல்லல?"

"தோட்டத்து லயத்து வீட்டுல சிமெண்டுத் தரையில கறை போக இததான ஊத்துவோம். புது வீட்டுலயும் ஆசிட்ட ஊத்துறாளேன்னு அந்தாளு நெனைக்கமாட்டானா? உனக்குத்தான் அசிங்கம்."

ஆசிட் பட்டால் சிமெண்ட் கரையும் என்று வேதியியல் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

அன்று மாலையே அத்தை வீட்டு வாசலில் நின்று, தப்பு எங்கள் வீட்டில்தான் என்று சொன்னேன்.

"உங்கம்மாவுக்குத் தெரியாது, சரி. படிச்ச புள்ள நீ பாக்கெட்டு மட்டுந்தான் படிச்சியா?" என்றார் அத்தை. ஆனாலும் அந்த டைல்ஸ்காரருக்கே குளியலறை வேலையைக் கொடுத்தார்.

எங்கள் சமையலறைக்கு அவர் திரும்பவும் வந்து, பொடிந்த இடுக்கையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு எபோக்சி பூசினார். நான் மன்னிப்புக் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு டப்பாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, "பின்னாடி படிச்சுப் பாத்துக்கங்க. அப்புறம் எம்மேல சொல்லக்கூடாது," என்றார். படித்தேன். அவர் கலக்கி முடிக்கும்வரை நகராமல் பார்த்துக்கொண்டும் நின்றேன்.

"இதுக்கும் அந்த ஆசிட்டு ஆகாது," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா பணிவாகத் தலையாட்டினார்.

அந்தப் பணிவைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. இப்போதெல்லாம் சிரம்பானில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பையை வைப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து மோந்து பார்க்கிறேன்.