ஆளில்லாத தேயிலைக் காடு

இந்த ஊரில் ஆபரேஷனுக்கு முன்னால் பயம் தெளிய நம்மை ஊர்சுற்ற அனுப்புகிறார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். ஜெர்மனியில் என் முழங்காலைத் திறப்பதற்காக முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதும், நர்ஸம்மா ஒரு கனத்த கண்ணாடியை என் கண்ணில் மாட்டினாள். வி.ஆர். என்றாள், உள்ளே கண்ணைச் சுற்றிப் படம் ஓடுமாம். கழுத்தருகே வாசனைத் துணி ஒன்றையும் ஒட்டினாள். போன முறை ரத்த அழுத்தம் ஏறியதால் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்றும் இறங்காவிட்டால் ஆபரேஷன் இல்லை. முட்டி மடங்காமல் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்க முடியாது, அந்த வேலையும் போய்விடும்.

கண்ணாடிக்குள் தேயிலை மலை. ஊட்டிப் பக்கம் நான் வளர்ந்த கிளென்மார்கன் எஸ்டேட் போலவே நல்ல வெயில், வரிவரியாகப் பச்சை. துணியிலும் ஊட்டிக் கடைகளில் விற்கும் அதே யூகலிப்டஸ் தைலம். ஆனால் மலையில் ஒரு ஆள் இல்லை. எனக்குப் பயம் கூடிவிட்டது.

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டப்பகலில் தேயிலைக் காடு காலியாகக் கிடந்தால் காட்டெருமை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் அதை மாடு என்றுதான் சொல்வோம். ஒருநாள் நான் பள்ளிவிட்டு வரும்போது காடு அப்படித்தான் கிடந்தது. கொழுந்து பறித்தவர்கள் ரோட்டு மேட்டில் நின்று, எல்லாரும் தப்பி வந்தாச்சா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ராணி இருக்குதுங்களா?"

"இருக்கேனுங்க."

"பாக்கியம்?"

"வந்துட்டேனுங்க."

அம்மாவின் பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. ஓடும்போது தண்ணீர் ஓடும் கான் பள்ளத்தில் விழுந்து, முட்டி உடைந்து கிடந்தாள். அதன்பின் மாதக்கணக்கில் எஸ்டேட் வரிசையில் இருந்த எங்கள் லயன் வீடு முழுக்க இதே தைல வாசம்.

"யாருமே இல்லை" என்றேன், ஜெர்மனில்.

"ஆமாம், உங்களுக்கே உங்களுக்கு" என்றாள் நர்ஸம்மா.

என் நாடியை எண்ணும் தலைமாட்டு இயந்திரம் வேகமாகக் கத்தியது. அவள் நல்லெண்ணத்தோடு துணியை மூக்குக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினாள்.

"மாடு வரும்" என்றேன்.

"இந்தப் படத்தில் மாடு கிடையாது" என்று சிரித்தாள்.

கைகளைப் பட்டையால் கட்டியிருந்தார்கள். உடம்பு ஓடு ஓடு என்றது, ஓடக் கால் இல்லை. இவ்வளவு அழகான பொறியில் நான் இதுவரை மாட்டியதில்லை.

வேறு வழி தெரியாமல் நானே பேர் சொல்ல ஆரம்பித்தேன், தமிழில். ராணியக்கா. பாக்கியத்தக்கா. ஒவ்வொருவராக அந்தப் பச்சைக்கு மேலே, ரோட்டு மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். கடைசியாக அம்மாவைக் கூப்பிட்டேன். "வந்துட்டேன் கண்ணு" என்றாள். இயந்திரம் நிதானமானது. "ஜெபம் பண்ணுகிறார்" என்று நர்ஸம்மா யாரிடமோ மெதுவாகச் சொல்வது கேட்டது. தொடங்கலாம் என்றார் டாக்டர்.

மேட்டிலிருந்து என் பேரையும் கூப்பிட்டார்கள். "இருக்கேனுங்க" என்றேன். ஏறிப் போகத்தான் முடியவில்லை. என் கால்கள் ஜெர்மனியில் இருந்தன.